முயலுக்குக் கிடைத்த முப்பது பதில்கள்

ஏரிக்காட்டில் ஒரு முயல் ஆய்வு செய்யப் புறப்பட்டது. அதன் வளையிலிருந்து காட்டுக் கல்விச் சபைக்குப் படிக்க வந்த முதல் முயல் அதுதான். அதனால் அதற்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இலை அசைந்தால்கூட, "ஐயோ, நேரம் போகிறதே!" என்று துள்ளியது.

சபைத் தலைவி யானை. யானைகள் தூரத்து ஆற்றில் குடிப்பவை. ஆகவே யானை முயலிடம் சொல்லியிருந்தது: "ஏரித் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறதா என்று முப்பது பேரிடம் கேட்டு வா. நன்றாக இருந்தால், மலையடி ஊற்றுக்குப் போகும் வழியைக் கோடை முடியும்வரை முள் போட்டு அடைத்துவிடலாம். ஊற்று கொஞ்சம் ஊறட்டும். நாளை உச்சிவெயிலுக்குள் பதில் வேண்டும்!"

முயலுக்குப் புல்லில் இருக்கும் ஈரமே போதும். ஏரிப்பக்கம் அது போனதில்லை. கேட்டால்தான் தெரியும். ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேசப் போனாலே அதற்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சேற்றில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "என்ன முயலே, அதே புதரை நாலு தடவை சுற்றிவிட்டாய்?"

"கேள்வி கேட்கப் போகவேண்டும். பயமாக இருக்கிறது."

"அட, இதற்குத்தானா! நான் கூட வருகிறேன். இந்தக் கொம்பைப் பார்த்தால் ஒருத்தரும் உன்னைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள்!"

ஒருத்தரும் தட்டிக்கழிக்கவில்லை.

காட்டுப்பன்றி எருமையைப் பார்த்தது. "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது!" என்றது. நரியும் எருமையைப் பார்த்தது. "இளநீர் மாதிரி!" என்றது. புள்ளிமான் தன் குட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "தினமும் அதைத்தான் குடிக்கிறோம்" என்றது. அதன் உதடு வெடித்திருந்தது. காது நடுங்கியது. முயல் இரண்டையும் பார்த்தது. ஆனால் நின்று யோசிக்க அதற்குப் பொறுமை இல்லை. தேக்கிலையில் ஒரு கீறல் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடியது.

பொழுது சாய்வதற்கு முன்பே முப்பது கீறல் சேர்ந்துவிட்டது. எருமை சேற்றுக்குத் திரும்பியது.

வழியில் கூடப் படிக்கும் அணில் வந்தது. "இன்னுமா முடிக்கவில்லை? நான் நேற்றே கொடுத்துவிட்டேன்!"

"முடித்துவிட்டேன். முப்பது பேரும் ஒரே பதில்!"

"முப்பதும் ஒன்றா? எங்கள் மரத்தில் பழம் புளிப்பா என்று மூன்று பேரிடம் கேட்டால் நாலு பதில் வருமே! சரி, நமக்கென்ன! கீறலை எண்ணிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு வா, நாவல் மரத்துக்குப் போகலாம்!"

முயல் சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை. தினமும் குடிப்பவரின் உதடு ஏன் வெடிக்கிறது?

அது ஏரித் துறைக்கு ஓடியது. ஈரமண்ணில் எங்கும் எருமைக் குளம்புகள். மானின் தடம் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் எருமைக்குப் பயந்துதான் மான் பொய் சொல்லியிருக்கிறது! முப்பது பேரிடமும் மறுபடி கேட்கப் பொழுது போதாது. இந்த இலையையே கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? வளையில் அத்தனை பேரும் காத்திருக்கிறார்களே! இரண்டு அடி சபைப் பக்கம் வைத்தது. பிறகு திரும்பி மானிடம் போனது.

இந்த முறை கேள்வி கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தது. "அக்கா, எனக்குப் பேசப் பயம். அதனால்தான் எருமையைக் கூட்டி வந்தேன். நீங்கள் நடுங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் ஓடிவிட்டேன்."

மான் அதன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. "அவன் வரவில்லையே?"

"இல்லை. உங்கள் பெயரையும் சொல்லமாட்டேன். ஏரித் தண்ணீர் நல்லது என்றால் ஊற்று வழியை அடைத்துவிடுவார்கள், அக்கா."

"அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் மூத்த குட்டி எட்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்து செத்துப்போனது, தங்கச்சி! குடிக்கும் துறையிலேயே எருமைக் கூட்டம் புரள்கிறது. கேட்டால் கொம்பை ஆட்டுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் ஊற்றுக்குத்தான் ஒளிந்து ஒளிந்து போகிறோம், ஒருநாள் விட்டு ஒருநாள். அதையும் அடைத்துவிட்டால் இந்தக் குட்டியும் போய்விடும்!"

அன்று மாலையும் மறுநாள் காலையும் அலைந்து, முயலால் ஏழு பேரைத்தான் தனியாகப் பார்க்க முடிந்தது.

உச்சிவெயில். சபை கூடியது. எருமையும் வந்திருந்தது.

"முப்பது பதிலும் வந்ததா?" என்றது யானை.

முயல் தேக்கிலையைக் கீழே வைத்தது. "வந்தது அம்மா. ஆனால் அவற்றை நம்ப முடியாது. எருமையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். தப்பு என்னுடையது. பிறகு தனியாக ஏழு பேரிடம் கேட்டேன். ஏழு பேரும் தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள்."

"யார் அந்த ஏழு பேர்? பெயரைச் சொல்!" என்று எருமை சீறியது.

"சொல்லமாட்டேன். துறையில் யாருடைய தடம் இருக்கிறது என்று வந்து பாருங்கள்!"

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். யானை துதிக்கையைத் தண்ணீரில் விட்டது. உடனே வெளியே இழுத்துக்கொண்டது.

எருமையின் தலை தொங்கியது. "என்னிடம் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்!"

"இனி உன் கூட்டம் கீழ்க்கரையில் புரளட்டும். ஊற்று வழி திறந்தே இருக்கட்டும்!" என்றது யானை. பிறகு முயலிடம் திரும்பியது. "உன் ஆய்வு முடியவில்லை. இன்னும் இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அடுத்த பருவமும் நீ படிக்க வேண்டியதுதான்."

"சரி அம்மா" என்றது முயல். புதிய தேக்கிலை ஒன்றைப் பறித்துக்கொண்டு காட்டுப்பன்றியின் புதரை நோக்கித் தனியாக நடந்தது.

தன் பதற்றத்தையும் எதிரில் இருப்பவரின் அச்சத்தையும் கவனிக்காதவர், எத்தனை பேரிடம் கேட்டாலும் உண்மையை அறியமாட்டார்.