ஏழாம் நம்பர் சத்தமும் ஞானச்சுடர் குழுவும்

அருப்புக்கோட்டையில் புத்திசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது ஞானச்சுடர் இன்னிசைக் குழு.

நான்கு பேர். பாடகர் மாரீஸ்வரன்தான் தலைவர். யோசிக்கிற பொறுப்பும் அவருடையது. கீபோர்டு தவமணி, டிரம்ஸ் நல்லதம்பி, கிட்டார் குருநாதன். நால்வரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர், "கொஞ்சம் நில்லுங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை, பக்கத்தில் நூறு நாற்காலி கிடக்க, நான்கு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு ஒழுக்கம்.

குருநாதனிடம் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஐம்பது வாட், நாற்பது கிலோ. உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் மினுமினுவென்று எரியும். வால்யூமை ஏழில் வைத்தால் கிட்டார் நாதத்தில் லேசாக ஒரு கரகரப்பு ஏறும், கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு இதமான கரகரப்பு. கேட்டால் சொக்கிப் போவீர்கள், காது மிச்சமிருந்தால். ஏனென்றால் ஏழில் வைத்தால் தெருவே எழுந்து சண்டைக்கு வரும். குறைத்து ஒன்றில் வைத்தால் கொசு பாடுவது போலிருக்கும்.

குருநாதனுக்கு ரேணுகா மேல் காதல். ரேணுகா கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா சங்கரபாண்டியன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்கப் போன அன்று, "எங்க, வாசிங்க பாப்போம்" என்றார். குருநாதன் ஒன்றில் வைத்து வாசித்தான். "சப்புன்னு இருக்கே" என்றார். ஏழில் வைத்து வாசித்தான். சுவரில் மாட்டியிருந்த அவருடைய அப்பா படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

சங்கரபாண்டியன் நியாயமான மனிதர். படத்தை எடுத்துத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நான் சங்கீதத்துக்கு விரோதியில்ல தம்பி. சப்புன்னும் இருக்கக் கூடாது, காதும் வலிக்கக் கூடாது. அப்பிடி வாசிச்சுக் காட்டுங்க, பொண்ணத் தர்றேன். சாத்தூர்லருந்து ஒரு வரன் அடுத்த புதன்கிழமை பாக்க வருது. அதுக்குள்ள காட்டணும்."

குருநாதன் தெருவில் வந்து நின்று அழுதான். பாவமாகத்தான் இருந்தது. முட்டாளுக்கும் மனசு ஒன்றுதானே.

நால்வரும் ரேடியோ மெக்கானிக் காதர் மீரானிடம் ஓடினார்கள். ஊரில் வால்வு என்றால் அவர்தான்.

"இதுல ஒண்ணுமில்லப்பா" என்றார் அவர். "சுவிட்சப் போட்டதும் வாசிக்கக் கூடாது. வால்வு சூடேற அஞ்சு நிமிசம் விடணும். அப்பறம் வால்வு லேசாத் திணறணும். திணறுனாத்தான் அந்த இதம் வரும். அம்பது வாட்ட வீட்டுக்குள்ள திணற வச்சா வீடு தாங்குமா? எங்கிட்ட அஞ்சு வாட்ல குட்டியா ஒண்ணு கெடக்கு. சும்மா எடுத்துட்டுப் போ. அதே இதம், டிவி சத்தம் அளவுக்குத்தான் வரும்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் குழுவில் யோசிப்பதற்கென்று ஒரு ஆள் இருந்தாரே.

"மாமனார் ஆகப்போறவரு பெரிய மனுசன்" என்றார் மாரீஸ்வரன். "அவர் முன்னாடி அஞ்சு வாட்டக் கொண்டுபோயி வச்சா, பொண்ணுக்கும் அஞ்சு வாட் அளவுக்குத்தான் சோறு போடுவீங்களான்னு கேக்க மாட்டாரா?"

"கேப்பாரு" என்றார் தவமணி.

"கேட்டா என்ன பதில் இருக்கு?"

காதர் மீரான் பெருமூச்சு விட்டார். "சரி, பெருசுதான் வேணும்னா, ஆம்ப் ஆளப் பாத்து இருக்கக் கூடாது. பத்தலைன்னா கம்பளியப் போட்டு மூடு. அதுவும் பத்தலைன்னா வேற ரூம்ல வச்சு மைக் போட்டு எடு. கடைசியா ஒரு ஆளத் தள்ளி நிக்க வச்சு, இதமாக் கேக்குதான்னு கையத் தூக்கச் சொல்லு." நால்வரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

மாடியறையில் ஒத்திகை தொடங்கியது. முதலில் ஐந்து நிமிடம் சூடேற விட்டார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அணைத்தார்கள். அடுத்த பாட்டுக்கு மறுபடி ஐந்து நிமிடம். ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் நடுவில் அணைக்க வேண்டுமா என்று மட்டும் விவாதம் நடந்தது. 'சுவிட்சப் போட்டதும்' என்றுதான் மெக்கானிக் சொன்னார், அணைப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று தவமணி சட்டம் பேசியதால் சரணங்கள் தப்பித்தன.

அடுத்தது, ஆம்ப் ஆளைப் பார்த்து இருக்கக் கூடாது.

"நாப்பது கிலோ" என்றார் நல்லதம்பி, அதைத் தொட்டுப் பார்த்து. "இதத் திருப்பணும்னா இடுப்பு போயிரும்."

"இத எதுக்குத் திருப்பணும்? நாம திரும்புனாப் பத்தாதா?" என்றார் மாரீஸ்வரன்.

அன்று முதல் நான்கு பேரும் ஆம்புக்கு முதுகைக் காட்டி, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். யார் எப்போது ஆரம்பிக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் குறையவில்லை.

பிறகு கம்பளி. சித்திரை வெயிலில் கம்பளி தேடி ஊரெல்லாம் அலைந்து ஒன்று வாங்கி வந்து மூடினார்கள். பத்தாவது நிமிடம் புகைச்சல் நாற்றம் வந்தது. அலறியடித்து எடுத்தார்கள்.

தவமணி அதைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆம்புக்குக் கம்பளி பழக்கமில்ல. மனுசனுக்குத்தான் பழக்கம். சத்தம் கேக்கப் போறது யாரு?"

"மாமனாரு."

"அப்பறம்?"

சங்கரபாண்டியன் முன்வாசலில் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தபோது நான்கு பேர் கம்பளியோடு வந்தார்கள். "சார், இதத் தலையோட போத்திக்கங்க" என்றார் மாரீஸ்வரன். அவர் விசிறியாலேயே விரட்டினார். "ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணி! அதுதான் கடைசி! அன்னைக்கும் இப்பிடி ஏதாவது பண்ணுனீங்க, சாத்தூர்க்காரனுக்கு அப்பவே வெத்தல பாக்கு!" என்று தெருமுனைவரை கத்தினார்.

அன்று சாயங்காலம் ரேணுகா குருநாதனிடம் போனில் பேசினாள். "அந்த அஞ்சு வாட்டத்தான் எடுத்துட்டு வாங்களேன்."

"நீ கணக்கு டீச்சர். ஒனக்கு எப்பிடிச் சொல்லிப் புரிய வைக்கிறது?" என்றான் குருநாதன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்து வேறு அறை. ஆம்பைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தி, முன்னால் மைக் வைத்தார்கள். இதுவரை சரி. அந்த மைக்கை, கச்சேரிக்கு வைத்திருந்த ஆளுயர ஸ்பீக்கரில் மாட்டி, அந்த ஸ்பீக்கரைத் தங்கள் அறையில் வைத்துக்கொண்டார்கள். அந்த அறையில் ஒரு இடி, இந்த அறையில் ஒரு இடி. கீழே தையல் கடைக்காரர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கடையைச் சாத்திவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி, ஆளைத் தள்ளி நிற்க வைப்பது. நல்லதம்பி புறப்பட்டார். தெருமுனையில் நின்றார், காது அடைத்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றார், அப்போதும் கேட்டது. நடந்துகொண்டே இருந்தார். பைபாஸ் ரோட்டைத் தாண்டி, பேச்சியம்மாளின் மாவு மில் பின்சுவர் ஓரமாக வந்தபோது அப்படியே நின்றுவிட்டார். கரகரவென்று, இதமாக, காதை உறுத்தாமல் ஒரு நாதம். நல்லதம்பிக்குக் கண் கலங்கியது. சொன்னபடி கையைத் தூக்கினார்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தூக்கிய கை மாடியறைக்குத் தெரியவில்லை. மூன்று மினி பஸ்கள் அவருக்காக நின்று, ஏறாததால் திட்டிவிட்டுப் போயின. மதியச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று மற்ற மூவரும் தேடி வந்தபோது, தூக்கிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"வாசிச்சது நின்னு ஒரு மணி நேரம் ஆச்சேய்யா" என்றார் தவமணி.

"அப்பிடியா? எனக்கு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார் நல்லதம்பி.

"அதான் நல்ல டோனுக்கு அடையாளம். மனசுல நின்னுரும்" என்று விளக்கினார் மாரீஸ்வரன். நின்ற இடத்தில் ஒரு செங்கல்லை நட்டார்கள்.

மாமனார் அங்கே வர வேண்டுமே? மாரீஸ்வரன் ஒரு தாள் எழுதி அனுப்பினார்: 'காது வலிக்காத இடம். வடக்கே மில் சுவர், தெற்கே வேப்பமரம், மேற்கே முள்வேலி, கிழக்கே பைபாஸ் ரோடு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட செங்கல்.' சங்கரபாண்டியன் அதை மூன்று முறை படித்தார். முப்பத்தோரு வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக நான்கெல்லை எழுதிய ஆளை அவர் பார்த்ததில்லை. மனம் இளகி, ஞாயிற்றுக்கிழமை காலை ரேணுகாவையும் அழைத்துக்கொண்டு வந்து, செங்கல் மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மில்லுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அவரும் சொன்ன சொல் தட்டாதவர்தான். சம்பந்தம் என்றால் இப்படியல்லவா பொருந்த வேண்டும்.

அங்கே மாடியறையில் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சுவிட்சைப் போட்டார்கள். சரியாகப் பத்துக்கு குருநாதன் கம்பியைத் தொடக் கையை ஓங்கினான். படாரென்று ஒரு சத்தம். பியூஸ் போய்விட்டது. ஒரு ஸ்வரம் கூட வாசிக்கவில்லை.

குருநாதன் வாழ்க்கையே இருண்டுவிட்டது. பியூஸ் வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. காலில் விழுவதைத் தவிர வழியில்லை என்று மூவரும் வேர்க்க விறுவிறுக்க ஓடினார்கள். போய்ச் சேர அரை மணி நேரம்.

சங்கரபாண்டியன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நல்லதம்பி தூக்கிய கையோடு நின்றார். ரேணுகா மட்டும் திரும்பி மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சியம்மாள், "கோதும முடிஞ்சிருச்சு, நிப்பாட்டு!" என்று குரல் கொடுக்க, நாதம் நின்றது.

சங்கரபாண்டியன் எழுந்து கை தட்டினார். "இதம்! கரகரப்பு! காதுக்கு ஒரு வலியில்ல! என்ன ராகம் மாப்ள?"

மாப்ள என்றதும் குருநாதன் காலில் விழுந்துவிட்டான். எதற்காக விழ வந்தோம் என்பது மறந்துபோனது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நால்வரும் முள்வேலி ஓரம் போய் ஆலோசித்தார்கள்.

"மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்றார் மாரீஸ்வரன். "மொதல்ல சூடேறணும்னாரு. மில்லு ஏறுது, மாவத் தொட்டுப் பாரு, சுடுது. அப்பறம் லேசாத் திணறணும்னாரு. கோதும போட்டாத் திணறுது. கம்மியாப் போட்டாச் சப்புன்னு ஓடுது, அள்ளிப் போட்டாக் கத்துது, ஒரு படி போட்டா இதம். நாம தேடுன ஆம்ப் இதுதான்யா."

"அப்ப கிட்டாரு?" என்றான் குருநாதன்.

"அத நீ கையில வச்சுக்க. அழகா இருக்கும்."

ரேணுகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இருந்தும் ஏன் சம்மதித்தாய் என்று பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். "எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒருத்தர் இருக்காருல்ல? பழகிருச்சு" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். மேடையில் பேச்சியம்மாளின் சின்ன மில்லை ஏற்றி, மாலை போட்டு, பொட்டு வைத்திருந்தார்கள். அந்தம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு படிபடியாகக் கோதுமை போட்டார். மாப்பிள்ளை குருநாதன் பக்கத்தில் எதிலும் மாட்டாத கிட்டாரோடு உட்கார்ந்து விரலை ஆட்டினான். மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். பந்தியில் எல்லோருக்கும் சூடான சப்பாத்தி.

நடுவில் சங்கரபாண்டியன் மேடைக்கு வந்து, "இப்ப மட்டும் கரகரப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே?" என்று விசாரித்தார்.

"உப்புமாவுக்கு ரவை பத்தலையாம் சார். அதத்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார் மாரீஸ்வரன்.

"ஓஹோ" என்று அவர் மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற நேரம் வந்தது. ஒரே மகள். சங்கரபாண்டியன் மறுபடி மேடைக்கு வந்தார். தழுதழுத்த குரலில், "மனச உருக்குற மாதிரி, சோகமா ஒண்ணு வாசிங்க" என்று கேட்டார்.

நால்வரும் கூடிப் பேசினார்கள். மாரீஸ்வரன் பேச்சியம்மாளிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். பேச்சியம்மாள் சேலையை வரிந்துகொண்டு, "மொளகா வத்தல் எத்தன கிலோ போட?" என்று கேட்டார்.

"சோகந்தானே, அஞ்சு போடுங்க."

மில் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மண்டபத்தில் அழாதவர் ஒருவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் விம்மினார்கள். ஐயர் தேம்பினார். சமையல்காரர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். முன்வரிசையில் சங்கரபாண்டியன் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, கண்ணும் மூக்கும் தாரை தாரையாக ஒழுக, இரண்டு தும்மலுக்கு நடுவே கையைத் தூக்கி, "ஒன்ஸ் மோர்!" என்றார்.