பத்தாவது குதிரை

அயர்லாந்தில் கில்டேர் பக்கம் ஃபின்டன் கெரிகன் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். வேலி தாண்டி ஓடும் பந்தயக் குதிரைகளைப் பழக்குவது அவர் தொழில். நாற்பது வருடத்தில் அவர் வாங்காத கோப்பை இல்லை. அதில் ஒன்றில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். அவர் குணம் அப்படி.

அவருடைய லாயத்தில் நான்காம் அறை மட்டும் காலி. ஆனாலும் தினமும் காலையில் அங்கே புது வைக்கோல் விரிப்பார், ஒரு வாளி நிறைய ஐஸ் கொண்டுபோய் வைப்பார். அந்த வேலையை வேறு யாரையும் செய்ய விடமாட்டார். குதிரை கொண்டுவரும் பணக்காரர்கள் அந்த அறையைக் கேட்டால், "ஆள் இருக்கு" என்பார். ஜெயிக்கிற மனுஷன் எதைச் செய்தாலும் அதற்கு ராசி என்று உலகம் பெயர் வைத்துவிடும். இதற்கும் அப்படித்தான் வைத்தது.

நவம்பர் மாதம் ஒரு நாள் காலையில் ஓர்லா அவரைத் தேடி வந்தாள். பதினொரு வருடம் அவரிடம் ஜாக்கியாக இருந்தவள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு, ஆறு குதிரைகளோடு சொந்தமாக லாயம் வைத்து ஐந்து வருடமாகத் திணறிக்கொண்டிருந்தாள். பனிமூட்டத்துக்குள் காரை நிறுத்தி இறங்கினாள். கார் டிக்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"சனிக்கிழமை பெரிய பந்தயம். என் மேவ்தான் ஜெயிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. காலையில தொட்டுப் பாத்தேன். இடது முன்னங்கால் லேசா சூடா இருக்கு."

"நரம்பா?"

"நரம்புலதான் அடி. ஆனா நொண்டலை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

"ஓட்டலைன்னா?"

"மேவோட ஓனர் தன் நாலு குதிரையையும் அவுத்துக்கிட்டுப் போயிடுவாரு. நான் லாயத்தை மூட வேண்டியதுதான். ஓட்டலாமா, கூடாதா? நீங்க சொன்னா கேக்கறேன்."

கெரிகன் அவள் காரை ஒருமுறை பார்த்தார். "குதிரைங்க பயிற்சிக்கு ஏறி வர்ற நேரம், வா" என்று மேட்டுக்குக் கூட்டிப்போனார்.

மேட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கெரிகனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவர் எப்போதுமே கண்ணை மூடிக்கொண்டுதான் குதிரை ஓட்டம் பார்ப்பார். குளம்புச் சத்தத்தை வைத்தே எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் நோவு என்று சொல்லிவிடுவார்.

குதிரைகள் மூட்டத்திலிருந்து வந்து மூட்டத்துக்குள் போயின.

"எத்தனை?" என்றார்.

"ஒன்பது."

"மறுபடி ஏறி வரும். இப்போ கண்ணை மூடிக்கிட்டு எண்ணு."

ஓர்லா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று குதிரைகள் போயின. நான்காவது வந்தது. அதன் மூன்று குளம்புகள் அழுத்தமாக விழுந்தன. ஒன்று மட்டும் தரையில் பட்டும் படாமலும் வந்தது. அது இடது முன்னங்கால். அதன் பின்னால் ஆறு போயின. மொத்தம் பத்து.

கண்ணைத் திறந்தாள். உடம்பெல்லாம் ஆவி பறக்கத் திரும்பி வந்தவை ஒன்பது குதிரைகள்தான். மூன்றாவதற்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு குதிரை போகிற அளவுக்கு இடம் இருந்தது.

"ஏன் இவ்வளவு இடம் விட்டு வர்றே?" என்று பின்னால் வந்த ஜாக்கியைக் கேட்டாள்.

"நான் எங்கக்கா விட்டேன்? குதிரைதான் விடுது. எவ்வளவு தட்டினாலும் ஒட்டிப் போகாது. இந்த இடத்துக்கு எந்தக் குதிரையைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான்."

ஓர்லா கெரிகன் பக்கம் திரும்பினாள்.

"அது யாரு பாஸ்?"

"கானர்," என்றார் கெரிகன். "முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அப்போ எனக்கும் ஆறு குதிரைதான், மூடப்போற லாயம்தான். பந்தயத்துக்கு மூணு நாள் இருக்கும்போது கானருக்குக் கால் சூடாச்சு. மூணு நாளும் ஐஸ் கட்டினேன். சனிக்கிழமை டாக்டர் தொட்டுப் பாத்தாரு. ஜில்லுன்னு இருந்துச்சு. ஓடட்டும்னாரு."

"விழுந்துடுச்சா?"

"ஜெயிச்சுது."

ஓர்லா இதை எதிர்பார்க்கவில்லை.

"கடைசி வேலியில நரம்பு அறுந்துச்சு. அப்பவும் நிக்கலை. மூணு கால்ல ஓடி ஜெயிச்சுது. அந்தப் பக்கம் திரை கட்டி அதுக்கு ஊசி போட்டுக் கொன்னாங்க. இந்தப் பக்கம் எனக்குக் கோப்பை குடுத்தாங்க. மறுநாள் காலையில பெரிய பெரிய ஆளுங்க குதிரையோட என் வாசல்ல நின்னாங்க."

"அப்போ இவ்வளவும் அதுல இருந்து வந்ததுதானா?"

"இவ்வளவும்."

"பாஸ், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. ஓட்டலாமா, கூடாதா?"

கெரிகன் அவளை லாயத்துக்குக் கூட்டிவந்து நான்காம் அறையைத் திறந்தார். அன்று காலை விரித்த வைக்கோல், பெரிய உடம்பு ஒன்று படுத்து எழுந்ததுபோல் நடுவில் அமுங்கிக் கிடந்தது. வாளியில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

"தொட்டுப் பாரு."

ஓர்லா வாளிக்குள் கையை விட்டாள். உடனே வெளியே இழுத்துக்கொண்டாள். காலையில் மேவின் காலில் உணர்ந்த அதே சூடு.

"உன் டிக்கியில எத்தனை மூட்டை ஐஸ் இருக்கு?"

ஓர்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு."

வரும் வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கியது. கேள்வியோடு வந்தவள் பதிலையும் வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"இங்க கொண்டா."

அவள் காருக்குப் போய் இரண்டு மூட்டைகளையும் தூக்கி வந்தாள். ஒன்றைப் பிரித்து வாளியில் கொட்டினாள். ஐஸ் கண்ணெதிரே கரைந்து போனது. அடுத்ததையும் கொட்டினாள். அதுவும் கரைந்தது. வைக்கோலில் ஏதோ கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"இது எப்போ ஆறும் பாஸ்?"

"தெரியலை. நானும் முப்பத்தெட்டு வருஷமா வெச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றார் கெரிகன். "நீ வீட்டுக்குப் போ. மேவோட கால் வர்ற கோடைக்குள்ள ஆறிடும்."