வாய் மூடிய ஆள்காட்டி

வற்றிப்போன ஓர் ஏரியில் ஆள்காட்டிப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றின் தலைவி செம்மூக்கி. வானத்தில் பருந்து தெரிந்தாலும் சரி, கரையில் நாய் தெரிந்தாலும் சரி, முதல் குரல் அவளுடையதுதான். கூட்டத்தில் யார் பேச வாயெடுத்தாலும், அந்தப் பேச்சை முடித்து வைப்பவளும் அவளே!

முட்டையிடும் காலம் வந்தது. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டன. முட்டைகளும் கற்களைப் போலவே புள்ளி புள்ளியாக இருந்தன. எது கல், எது முட்டை என்று பெற்றவளுக்கே சில நேரம் குழப்பம் வரும்!

ஒருநாள் காலையில் நரி ஒன்று வந்தது. செம்மூக்கி அதன் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினாள்.

“போடா திருடா! இங்க உனக்கு ஒண்ணும் கிடையாது!”

நரி வலப்பக்கம் போனது. அவள் குரல் தணிந்தது. நரி இடப்பக்கம் திரும்பியது. குரல் உச்சத்துக்கு ஏறியது. நரி சிரித்துக்கொண்டே இடப்பக்கம் நடந்தது. அங்கே வெள்ளச்சி என்ற பறவையின் முட்டைகள் இருந்தன. அத்தனையும் நரியின் வயிற்றுக்குள் போயின.

மாலையில் கூட்டம் கூடியது.

“நாளைக்கு இன்னும் பலமா கத்துவோம்! எல்லாரும் சேர்ந்து...” என்று தொடங்கினாள் செம்மூக்கி.

“கத்தாதே அக்கா!” என்றாள் வெள்ளச்சி. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. “உன் சத்தத்தை வச்சுத்தான் அவன் வழி கண்டுபிடிச்சான். அப்பவே சொல்ல வந்தேன். நீ எங்க என்னைப் பேசவிட்ட?”

செம்மூக்கியின் அலகு திறந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெள்ளச்சியின் முகத்தைப் பார்த்தாள். வந்த பதிலை விழுங்கினாள்.

“சொல்லும்மா, நான் என்ன செய்யணும்?”

“பேசாம இரு, அது போதும். நீ வாய் திறக்காம இருந்தா நாங்களும் இருப்போம்.”

மறுநாளும் நரி வந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. முட்டைகளை விட்டு விலகிப்போய், ஆளுக்கொரு பக்கம் புழு கொத்தின.

நரி திகைத்தது. “என்ன தலைவி, தொண்டை கட்டிடுச்சா?”

செம்மூக்கி ஒரு புழுவைக் கொத்தினாள்.

“நேத்து முட்டை நல்ல ருசி! உன்னோடது எங்க இருக்கு?”

அவள் திரும்பவே இல்லை.

“பயந்தாங்கொள்ளி! நீயெல்லாம் ஒரு தலைவியா?”

செம்மூக்கிக்கு நெஞ்சு கொதித்தது. நரியின் முன்னங்காலுக்கும் அவளுடைய முட்டைகளுக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான்! சத்தம் தொண்டையில் வந்து முட்டியது. இறக்கைகளை உடம்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். மற்ற பறவைகளும் அவளையே பார்த்தபடி மூச்சுக் காட்டாமல் நின்றன.

நரி அங்குமிங்கும் மோந்தது. பலமாக அடித்த காற்றில் மோப்பமும் பிடிபடவில்லை. வெயில் ஏற ஏறச் சரளை கொதித்தது. நரி காலை மாற்றி மாற்றி வைத்தது.

“சீ! ஊமைக் கூட்டம்!” என்று உறுமிவிட்டு, நொண்டியபடி கரையேறி ஓடியது. அடுத்தடுத்த நாள்களிலும் வந்து வெறும் வயிற்றோடுதான் திரும்பியது. பிறகு வருவதையே விட்டுவிட்டது.

ஏரி முழுக்கக் குஞ்சுகள் ஓடின. வெள்ளச்சியும் மறுபடி முட்டையிட்டு அடைகாத்தாள். அவள் குஞ்சுகள் முட்டையோட்டை உடைத்து வெளியே வந்த அன்று, செம்மூக்கி ஆனந்தமாகச் சிறகடித்தாள். “வெள்ளச்சி, முதல்ல நீ கத்து!” என்றாள். வெள்ளச்சி கத்தினாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் வானம் அதிரக் கத்தியது!

குரலை உயர்த்தத் தெரிந்த தலைவருக்கு, அதை அடக்கவும் தெரிந்தால்தான் கூட்டம் பிழைக்கும்.