பிரேக் சேம்பரைத் திறக்கும் படம்

அன்பர்களே, ஒன்று கேட்கிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நமக்குக் கைவந்த வேலையைப் பிறருக்குச் சொல்லித்தரும்போது, எதைச் சொல்லாமல் விட்டோம் என்று நாம் ஒருமுறையேனும் தேடியிருக்கிறோமா?

ஓசூரில் லாரி உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில், தணிகாசலம் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணினியில் பிரேக் சேம்பர் வரைந்துவந்தார். லாரியின் பின்சக்கரத்தருகே பொருத்தப்பட்டு, பிரேக்கை இயக்கும் இரும்புக் குடுவை அது. அதைக் கழற்றும் முறையை அசையும் படமாக்கி ஒர்க்‌ஷாப்புகளுக்கு அனுப்ப நிர்வாகம் முடிவுசெய்தது. ஆகவே ஐம்பத்தாறு வயதில் அவர் மீண்டும் மாணவரானார். கற்றுத்தர வந்த நிலோஃபர், அவர் மகளைவிட இரண்டு வயது இளையவள். அவர் அவளை வாய்நிறைய ‘டீச்சர்’ என்றே அழைத்தார்.

வரைபடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பாகங்கள். அத்தனையையும் சுமந்துகொண்டு படம் நகர மறுத்தது. சேர்ந்து அசைபவற்றை ஒரே குழுவாகக் கட்டவும், கண்ணுக்குத் தெரியாத திருகு மரைகளை நீக்கவும் நிலோஃபர் சொல்லித்தந்தாள். தணிகாசலம் அதில் ருசி கண்டுவிட்டார். ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, குடுவை, மூடி, மூடியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஆகியவை தவிர, வண்டி ஓடும்போது அசையாதவற்றையெல்லாம் அழித்தார். நாற்பத்தொன்று மிஞ்சின. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மகிழ்ச்சி தாளாமல், ஆசிரியையிடம் காட்டுமுன்பே, பதினொரு மணிக்கு அதைச் சங்ககிரி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியும்விட்டார். அங்கே புதிதாகச் சேர்ந்த மூவர், அதைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கள் முதல் சேம்பரைத் திறக்கக் காத்திருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு நிலோஃபர் வந்தாள். படத்தைக் காட்டிவிட்டு அவர் கேட்டார்:

“டீச்சர், ஒரு சந்தேகம். அசையுற படத்துல அசையாத பொருளுக்கு என்ன வேலை?”

அவள் அலமாரியிலிருந்த சேம்பர் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்தாள்.

“படத்தை ஓடவிடுங்க சார். அது காட்டுறதை மட்டும் செய்யுங்க.”

“இருபத்தாறு வருஷ சர்வீஸ். எனக்கே பரீட்சையா?”

“பாஸானா பிரியாணி.”

அவர் சிரித்தார். திரையில் வளையத்தின் நட்டு சுழன்று கழன்றது, மூடி மேலெழுந்தது. தணிகாசலம் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். கை அங்கேயே நின்றது.

“கழட்டுங்க.”

“முடியாது டீச்சர்.”

“படத்துல கழண்டுடுச்சே?”

“உள்ள ஸ்பிரிங் அமுங்கி நிக்குது. இப்படியே திறந்தா மூடி மூஞ்சியைப் பேத்துடும். முதல்ல போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டணும்.”

“எந்த போல்ட்?”

சேம்பரின் பக்கவாட்டில் செருகியிருந்த நீளமான போல்ட்டை அவர் தொட்டுக் காட்டினார். பிறகு திரையைப் பார்த்தார். திரையில் அந்த இடம் காலியாக இருந்தது.

“வண்டி ஓடுறப்போ அது சும்மாதான் கிடக்கும்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அதான் எடுத்துட்டேன்.”

நிலோஃபர் ஸ்பேனரை வாங்கி நட்டைத் திருகினாள். அவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். மூடி சத்தமின்றிக் கையோடு வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“இது பாடம் நடத்த வெச்சிருக்கிறது. ஸ்பிரிங் கிடையாது,” என்றாள். “ஆனா உங்க கை நின்னுடுச்சு.”

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். 

“சங்ககிரிக்கு அனுப்பிட்டேன் டீச்சர். பதினொரு மணிக்கே. அங்க புதுசா சேர்ந்த மூணு பேர், சாப்பிட்டு வந்ததும் இதைப் பார்த்துத்தான் திறக்கப்போறாங்க.” அவசரமாக மௌஸைப் பிடித்தார். “பத்தே நிமிஷம். போல்ட்டைச் சேர்த்து, அதுக்கு அசைவு கொடுத்து, புதுசா ஒண்ணு—”

நிலோஃபர் மௌஸை நகர்த்திவிட்டு, மேசைமேலிருந்த அவருடைய கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

“படம் அப்புறம் சார். அந்த மூணு பேரும் ஸ்பேனரைத் தொடுறதுக்குள்ள கூப்பிடுங்க. இப்பவே.”