மூடி போட்ட கூடை

இப்போது தேடினால் கிடைக்காத மேழிநாட்டை ஓர் அரசன் ஆண்டுவந்தான், கேளுங்கள். அவன் அவையில் குற்றம் சாட்டுவதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தான். பேர் விடங்கன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குற்றம் நடந்த இடத்தில் அகப்பட்டது எதுவானாலும் விடங்கனின் மூடி போட்ட கூடைக்குள் போகும். அவையில் அவன் எதை எடுத்துக் காட்டுகிறானோ, அதுதான் சாட்சி. மிச்சத்தை யாரும் கேட்கக் கூடாது. குற்றம் நிலைத்துவிட்டால் கூடையின் பிடியில் அரசன் ஒரு வெள்ளி வளையம் மாட்டுவான். விடங்கன் நடந்தால் வளையங்கள் கலகலக்கும். ஊர் ஒதுங்கி நிற்கும்.

ஒருநாள் அரசனின் பெண்குதிரை நுரை தள்ளிச் செத்தது. அரளி விஷம் என்றார் வைத்தியர். லாயக்காரன் கூத்தனைக் கட்டி இழுத்துவந்தார்கள்.

விடங்கன் கூடைக்குள் கையை விட்டான். லாயத்துச் சாவி வந்தது. "இது கூத்தன் இடுப்பில் மட்டும்தான் இருக்கும்."

அவை தலையாட்டியது.

மறுபடி கையை விட்டான். ஓர் அரளி இலை வந்தது. "இது கூத்தன் மடியில் இருந்தது."

அவை முணுமுணுத்தது.

"ஐயனாருக்குப் பூப் பறிச்சேன் சாமி," என்றான் கூத்தன். "குதிரைங்களைக் காப்பாத்தச் சொல்லித் தினமும் போடுறதுதான்."

"ஐயனார் குதிரை மண்குதிரை அப்பா. அதை அரளி ஒண்ணும் செய்யாது," என்றான் விடங்கன்.

அவை சிரித்தது.

மூன்றாம் முறை கையை விட்டான். விரலில் பட்டது ஒரு கிளை. குதிரையின் பல் பதிந்த அரளிக் கிளை. லாயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நந்தவனம்; அங்கிருந்து தலை நீட்டிய அரளியைக் குதிரை தானே எட்டிக் கடித்திருந்தது. அதைச் சுவரோரம் கண்டெடுத்தவனும் விடங்கன்தான். வெறுங்கையை வெளியே எடுத்தான். கூடையை மூடினான்.

"பொழுது சாய்வதற்குள் இவன் தலையை எடுங்கள்," என்றான் அரசன். "கடைசியாக ஏதாவது சொல்லணுமா?"

கூத்தன் கொஞ்சம் யோசித்தான். "தாயில்லாக் குட்டி ஒண்ணு நிக்குது சாமி. இப்பத்தான் புல்லுல வாய் வைக்குது. அது தாய் நின்ன இடத்துல, அந்தச் சுவரோரமே கட்டச் சொல்லுங்க. தாய் வாசனை இருந்தாத்தான் திங்கும்."

விடங்கனுக்கு அந்தச் சுவர் கண்முன் வந்தது. கூத்தன் தலை போகும், வழக்கு முடியும், அரளி அங்கேயே தொங்கும். குட்டி வளரும். ஒருநாள் அதற்கும் எட்டும்.

மூடியைத் திறந்தான். கிளையை அரசன் காலடியில் வைத்தான். "குதிரை தானே தின்றது அரசே. கூத்தன் கொல்லவில்லை."

"இது எப்போது கிடைத்தது?"

"நேற்றே."

"பிறகு ஏன் காட்டவில்லை?"

"குற்றம் சாட்டுவதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்."

கூத்தனின் கட்டை அவிழ்த்தார்கள். அவன் நேரே குட்டியிடம் ஓடினான். அரசன் கூடைப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த வளையங்களை நான் மாட்டியபோதெல்லாம் கூடைக்குள் மிச்சம் என்ன இருந்தது, விடங்கா?"

விடங்கனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அவன் உட்கார்ந்து வளையங்களைக் கழற்றினான். ஒவ்வொன்றையும் கையில் வைத்து, இது யார் வழக்கு என்று நினைவுபடுத்திப் பார்த்தான். சிலரைத் திரும்ப அழைக்க வழி இருந்தது. சிலரை அழைக்க வழியில்லை.

அன்றிலிருந்து மேழிநாட்டில் அந்தக் கூடைக்கு மூடி கிடையாது.

குற்றம் சாட்டும் அதிகாரம் பெற்றவன், ஒருவனை மாட்டிவைக்கும் சாட்சியோடு அவனைக் காப்பாற்றும் சாட்சியையும் சேர்த்தே அவையில் வைக்க வேண்டும்.