காலியாகக் கிடந்த கல்

குழந்தைகளே, மலையடிவாரத்துக் காடு ஒன்றில் விலங்குகளின் சபை ஒன்று இருந்தது. காட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே ஒரு கல் உண்டு. அந்தப் பகுதி விலங்குகள் கூழாங்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் மட்டுமே அதில் உட்காரலாம். மற்றவர்கள் சபையில் வாய் திறக்கக் கூடாது.

மேற்குப் புல்வெளியின் கல்லில் முயல்களுக்காகப் பேசிவந்த முள்ளம்பன்றி ஒரு நாள் இறந்துபோனது. கல் காலியானது.

சபையில் இரண்டு கட்சிகள். ஒன்றுக்குத் தந்திரக்கார நரி தலைவர், மற்றொன்றுக்கு முரட்டுக் கரடி.

"இப்போது தேர்தல் வைத்தால் உங்கள் ஆள் தோற்பார், கரடியாரே" என்றது நரி.

"உன் ஆள் மட்டும் ஜெயிப்பானாக்கும்!"

"அதற்குத்தான் சொல்கிறேன். வைக்காவிட்டால் இருவருமே தோற்க மாட்டோம்."

நரியின் பேச்சு கரடிக்குப் பிடித்தது அதுவே முதல் தடவை.

ஒரு தாய் முயல் வந்து கேட்டது. "எப்போது ஐயா எங்களுக்குத் தேர்தல்?"

"மழைக்காலம் அம்மா, கூழாங்கல் நனைந்துவிடுமே!" என்றது நரி.

கோடையில் மறுபடியும் வந்தது.

"இந்த வெயிலிலா? கூழாங்கல் உங்கள் பிஞ்சுக் காலைச் சுட்டுவிடுமே!" என்றது கரடி.

அந்தக் கோடையிலேயே சபை கூடியது. "மேற்குப் புல்வெளிக்கு ஓடும் ஓடையைக் கிழக்கே திருப்பலாமா?" என்று கரடி கேட்டது. காலிக் கல் எப்படிப் பேசும்?

"மறுப்பு இல்லை!" என்று நரி அறிவித்தது.

"எங்களைக் கேட்காமல் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டீர்களே!" என்று முயல் வாசலில் நின்று கத்தியது.

"கேட்டோமே! உங்கள் கல்தான் ஒன்றும் சொல்லவில்லை" என்றது நரி.

சபையே சிரித்தது.

ஓடை வற்றியது. பச்சைப் புல் சருகானது. முயல் குட்டிகள் விடியலில் பனித்துளியை நக்கித் தாகம் தீர்த்தன.

ஒரு நண்பகலில் அந்தச் சருகில் தீப்பிடித்தது. தாய் முயல் மூச்சிரைக்கச் சபைக்கு ஓடி வந்தது.

"ஐயா, மேற்கே..."

"உஷ்! கல் இல்லாதவர் பேசலாமா?" என்றது நரி.

"புல்வெளியில்..."

"எதுவானாலும் தேர்தல் முடிந்ததும் சொல், போ!" என்று கரடி உறுமித் தள்ளியது.

முயல் மூன்றாம் முறை கெஞ்சவில்லை. திரும்பி ஓடித் தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆழமான வளைக்குள் புகுந்தது.

தீயைத் தடுக்க ஓடையில் சொட்டு நீர்கூட இல்லை. தீ சபை வரை வந்துவிட்டது. நரியின் வால் பொசுங்கியது. கரடியின் தேன்மரங்கள் கரிக்கட்டையாயின.

மாலையில் பெய்த பெருமழையில் தீ அடங்கியது. "அடிப்பாவி, தீ என்று ஏன் சொல்லவில்லை?" என்று நரி அழுதது.

"எனக்குக் கல் இல்லையே, ஐயா" என்றது முயல்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. காடு முழுவதும் நரியையும் கரடியையும் சூழ்ந்துகொண்டது. கொட்டும் மழையிலேயே மேற்குப் புல்வெளிக்குத் தேர்தல் நடந்தது. தாய் முயல் கல்லில் ஏறி உட்கார்ந்தது.

கூழாங்கற்கள் நன்றாக நனைந்திருந்தன. ஒன்றுகூடக் கரைந்துபோகவில்லை.

நீதி: பிறர் குரலை அடைத்து வைப்பவர், தமக்கு வரும் ஆபத்தின் எச்சரிக்கையையும் இழப்பார்.