ஒரே சொல்லில் ஒரு பானம்

வேங்கைநாட்டில் ஒரு தடவை தாகத்துக்காகவே சண்டை மூண்டது.

அரசர் கனகமாறருக்குத் திடீரென்று ஓர் ஆசை. "நாட்டுக்குக் கொடி ஒன்று. பானமும் ஒன்றாக இருந்தால் என்ன?" என்றார். அவ்வளவுதான். நான்கு சீமைத் தலைவர்களும் ஆளுக்கொரு பானையோடு சபைக்கு வந்துவிட்டார்கள்.

"எங்கள் பனங்காட்டுப் பதநீர்தான்!"

"கள்ளுக்குத் தம்பியை அரண்மனைக்குள் விடுவதா? எங்கள் கடற்கரை இளநீர்தான்!"

"அதற்கு மரம் ஏற வேண்டும் ஓய்! எங்கள் வயல்நாட்டு நீராகாரம் பானையிலேயே இருக்கிறது."

"பழைய சோற்றுத் தண்ணீரை விருந்தாளிக்கு வைப்பாராம்! எங்கள் மேய்ச்சல்காட்டு நீர்மோரைக் குடித்துப் பாரும்!"

பேச்சு கைகலப்பானது. மோர்ப்பானை சாய்ந்து பனங்காட்டாரின் கறுத்த தாடி வெளுத்தது. பதிலுக்கு அவர் பதநீரைக் கொட்டினார். எறும்புகள் மட்டும் கட்சி பார்க்காமல் வந்து சேர்ந்தன.

அமைச்சர் பெருநம்பிக்கு விகடகவி வெண்காடரைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே, வெண்காடரே ஒரு பானத்தைச் சொல்லட்டும். ஒரே சொல். வளவளப்பு வேண்டாம்."

"நல்லது! அதைத் தவிர மற்றப் பானைகளை உடைத்துவிடுவோம்" என்றார் அரசர். "ஆனால் நான்கு சீமையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெண்காடரே, இன்றே நாட்டை விட்டுக் கிளம்பும்!"

வெண்காடர் நான்கு பானைகளையும் ஒரு முறை பார்த்தார். ஒரு சீமையைச் சொன்னால் மூன்று சீமை அடிக்க வரும். வாய் திறக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அரசரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீர்!"

பெருநம்பி துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா! அரசரை 'நீர்' என்கிறார். 'தாங்கள்' என்று வாயில் வராதோ?"

அரசரின் மீசை துடித்தது. "என்னையா சொன்னீர்?"

"பானத்தைச் சொன்னேன் அரசே" என்ற வெண்காடர், தலைவர்கள் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கள் பானத்தின் பெயர்?"

"பதநீர்."

"உங்களுடையது?"

"இளநீர்."

"நீராகாரம்" என்றார் அடுத்தவர்.

"நீர்..." என்று தொடங்கிய மோர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பார்த்தீர்களா? இரண்டு பேர் அதை வாலில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தலையில் வைத்திருக்கிறார்கள். நடுவில் எதற்கு அடிதடி? நீரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பானையும் உடைய வேண்டாம்."

"எங்கள் பானத்தைத்தான் சொன்னார்!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பெருநம்பி விடுவதாக இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அரசர் முகத்தைப் பார்த்து 'நீர்' என்றது மரியாதையா?"

"நானும் 'தாங்கள்' என்று சொல்லத்தான் பார்த்தேன், அமைச்சரே" என்றார் வெண்காடர் பணிவாக. "அந்தப் பெயரில் ஒரு பானம் கொண்டுவாரும். இப்போதே சொல்லிவிடுகிறேன்!"

அரசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஐயோ, குடிக்க ஏதாவது கொடுங்கள்!"

நான்கு சீமையும் ஒரே நேரத்தில் குவளையை நீட்டின.